குத்தகைக்குப் போன ரகசியம்

அமெரிக்க அரசின் ரகசியங்களில் கணிசமான பகுதி தனியார் கம்பெனிகளின் கட்டடங்களில் இருக்கிறது. உளவு செயற்கைக்கோள், போர் விமானம், கணினி வலை எல்லாம் ஒப்பந்தக்காரர்கள் கைவேலை. அவர்களுக்கான விதிகளை ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது 1993 ஜனவரியில் மூத்த புஷ் கையெழுத்திட்ட 12829-ஆம் எண் ஆணை. விதிப்புத்தகத்தை ‘நிஸ்பாம்’ என்பார்கள். முதலில் கம்பெனிக்கு அனுமதி வேண்டும். பங்குகள் யார் கையில், வெளிநாட்டுப் பிடி ஏதும் உண்டா என்று துருவுவார்கள். அடுத்து ஆளுக்கு ‘கிளியரன்ஸ்’. அதையும் வாங்கிய பிறகு மூன்றாவதாக ஒரு கேள்வி: இந்தக் காகிதம் உன் வேலைக்குத் தேவையா? மூன்றிலும் கனமானது இதுதான் என்பேன்.

ரகசிய அலமாரியின் பூட்டில் பேட்டரி கிடையாது. வட்டுப்பிடியை இப்படியும் அப்படியும் சுழற்றும்போது பிறக்கும் மின்சாரத்தில் எண்கள் தெரியும். அதுவும் குனிந்து நிற்பவர் கண்ணுக்கு மட்டும். அலமாரியோடு ஒரு தாள் இருக்கும். திறந்தவர், பூட்டியவர், சரிபார்த்தவர் என்று கட்டங்கள். ஒவ்வொன்றிலும் சுருக்கொப்பமும் நேரமும். கடைசிக் கட்டத்தை, அலமாரியை இழுத்துப் பார்க்காமலே நிரப்பிவிடலாம். அதைத் தடுக்க எந்தப் பூட்டாலும் முடியாது.

கிறிஸ்டோபர் பாய்ஸ். கல்லூரியைப் பாதியில் விட்டவர். 1974-இல், 21 வயதில், கலிபோர்னியா ரெடோண்டோ பீச்சில் டிஆர்டபிள்யூ கம்பெனியில் குமாஸ்தா. அப்பா முன்னாள் எஃப்பிஐ அதிகாரி. வேலை கிடைத்தது அந்தப் பழக்கத்தில். சில மாதங்களிலேயே சிஐஏவின் செயற்கைக்கோள் செய்திகள் வந்துபோகும் ‘கருப்புப் பெட்டக’ அறைக்குள் போய்விட்டார். சங்கேத அட்டைகளை அரைத்து அழிக்க வைத்திருந்த இயந்திரத்தில் அங்கிருந்தவர்கள் மது கலக்கிக் குடித்தார்கள். அவர் எடுத்துக் கொடுத்தவற்றை, பால்ய நண்பர் ஆண்ட்ரூ டால்டன் லீ மெக்சிகோ நகரத்து சோவியத் தூதரகத்தில் விற்றார். 1977 ஜனவரியில் இருவரும் பிடிபட்டார்கள். 1985-இல் சிறைக் கைதியாகவே செனட் குழு முன் சாட்சி சொன்ன பாய்ஸ், தன் நண்பர்களில் ஒருவரிடமாவது விசாரித்திருந்தால் தனக்கு அனுமதியே கிடைத்திருக்காது என்றார்.

அந்த அறையில் குடித்தவர்கள் எல்லோரும் ஒற்றர்கள் இல்லை. ஆனால் பையில் என்ன இருக்கிறது என்று பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்கும் உரிமையை அவர்கள் முதல் கோப்பையிலேயே இழந்துவிட்டார்கள். எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

1996-இல் ஆளைப் பற்றி விசாரிக்கும் வேலையையே அமெரிக்க அரசு தனியாருக்கு விட்டது. யுஎஸ்ஐஎஸ் என்ற கம்பெனி. கோப்பு முடிந்தால் காசு. 2008 முதல் 2012 வரை சுமார் 6,65,000 கோப்புகளை, செய்ய வேண்டிய மறுபார்வை செய்யாமலே ‘முடிந்தது’ என்று தள்ளிவிட்டதாக நீதித் துறை குற்றம் சாட்டியது. 2015-இல் தனக்கு வரவேண்டிய 3 கோடி டாலரை விட்டுக்கொடுத்து அந்தக் கம்பெனி சமரசம் செய்துகொண்டது. பிறகு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடனை 2011-இல் மறுபடி விசாரித்ததும் இவர்கள்தான். அந்தக் கோப்பும் தள்ளிவிடப்பட்டவற்றில் ஒன்று என்று யாரும் நிறுவவில்லை. இருந்தாலும் நம்பகத்தை எண்ணிக்கைக் கணக்கில் வாங்கினால் எண்ணிக்கைதான் வந்து சேரும்.

நம் ஆட்களுக்கும் இதில் பங்குண்டு. கிரீன் கார்டு இருந்தால் போதாது, குடியுரிமை பெற்றவருக்குத்தான் கிளியரன்ஸ். அப்படி மனுப்போடும் தமிழ் இன்ஜினியர், நூறு பக்கத்தைத் தாண்டும் எஸ்எஃப்-86 படிவத்தில் அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, மாமனார், மாமியார் எல்லோருடைய பெயர், முகவரி, குடியுரிமை எழுத வேண்டும். பத்து வருட வேலையும் வீடும் இடைவெளி விடாமல். கடன், போதைப்பொருள், வெளிநாட்டு நண்பர்கள். மறைத்தால் குற்றம்.

2015-இல் வெளிவந்த அரசுக் கணினித் திருட்டில் போனவை இந்தப் படிவங்கள்தான். 2 கோடியே 15 லட்சம் பேரின் விவரங்கள். சுமார் 56 லட்சம் பேரின் கைரேகைகள். உள்ளே நுழையப் பயன்பட்டது ஓர் ஒப்பந்த நிறுவனத்துக்குக் கொடுத்திருந்த கடவுச்சொல். சமூகப் பாதுகாப்பு எண் பறிபோனவர்களுக்கு அரசு செலவில் கண்காணிப்புச் சேவை கொடுத்தார்கள். மதுரையில் இருக்கும் அக்காவுக்கு அப்படி ஓர் எண்ணே கிடையாது. தம்பி மனுப்போட்டதற்கு அவர் முகவரியும் சேர்ந்து போயிருந்தால், அதை அவருக்குச் சொல்வது தம்பியின் பாடு. கம்பெனிகளுக்கு இத்தனை விதி எழுதுகிறவர்கள் அந்த அக்காவுக்காகவும் ஒரு பத்தி எழுதியிருக்க வேண்டும்.