காதில் விழாத வாத்தியம்

கச்சேரி கேட்டுவிட்டு வீடு திரும்புகிறவர்களை வழிமறித்து, "இன்றைக்கு எப்படி?" என்று விசாரித்துப் பாருங்கள். பாட்டைப் பற்றிச் சொல்வார்கள். பிடில் குழைந்தது என்பார்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் அமர்க்களப்பட்டன என்பார்கள். சபாவின் சிற்றுண்டிச் சாலையில் கிடைத்த ரவா தோசையைப் பற்றியும் திட்டமான அபிப்பிராயம் வைத்திருப்பார்கள். "தம்புரா எப்படி?" என்று கேட்டால் மட்டும் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். இரண்டரை மணி நேரம் இடைவிடாமல் ஒலித்த வாத்தியம் அவர்கள் காதில் விழவேயில்லை! ஆனால், நடுவில் அதன் தந்தி அறுந்து போயிருந்தால், சபையிலுள்ள அத்தனை பேரும் ஏதோ குறைகிறதென்று நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

இருக்கும்போது தெரியாமல், இல்லாதபோதே தெரிகிற வாத்தியங்களின் குலத்தைச் சேர்ந்தது பேஸ் கிட்டார். பகலில் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதிக்கும் நாம், இருபது வருஷங்களுக்கு மேலாக, ஒழிந்த வேளைகளில் அந்த வாத்தியத்தை வாசித்து வருகிறோம். பிழைப்புக்காக அல்ல, பிழைப்பைச் சற்று மறந்திருப்பதற்காக.

பார்வைக்கு அது சாதாரணக் கிட்டாரின் தமையனார் மாதிரி இருக்கும். கழுத்து நீளம். தந்திகள் ஆறுக்குப் பதில் நான்கு. ஒவ்வொன்றும் நல்ல தடிப்பு. கிட்டாரின் தணிந்த நான்கு தந்திகளுக்கும் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். மேளக்காரர் தாளத்தைக் காட்டுகிறார். பாடகர் ஸ்வரத்தைக் காட்டுகிறார். பேஸ் வாசிக்கிறவன் இருவருக்கும் நடுவில் நின்று இரண்டையும் கட்டி வைக்கிறான். பாட்டி கதை சொல்லும்போது, பக்கத்தில் ஒரு குழந்தை "ஊம்" கொட்டிக் கொண்டிருக்குமல்லவா? "ஊம்" நின்றால் கதையும் நின்றுவிடும். சங்கீதத்தில் அந்த "ஊம்" கொட்டுகிற உத்தியோகம் இந்த வாத்தியத்துக்கு வாய்த்திருக்கிறது.

ஆனால் "ஊம்" கொட்டுவதிலும் மேதைகள் உண்டு. 1976-ல் "அன்னக்கிளி"யின் மூலம் பிரவேசித்த இளையராஜாவின் பாட்டுக்களைக் கொஞ்சம் கவனித்துக் கேட்டால், பாடுகிறவர் ஒரு பாதையில் போக, கீழே பேஸ் கிட்டார் தனக்கென்று வேறொரு பாதையில் நடந்து, சரியான இடத்தில் வந்து கலந்துகொள்வதைக் காணலாம். அவருடைய குழுவில் அதை வாசித்த சசிதரன் என்பவரின் பெயர், அப்பாட்டுக்களை முணுமுணுப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அமெரிக்காவிலும் இதே கதைதான். டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டுக்களில் 1960-களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், பேஸ் வாசிப்புக்கே இலக்கணம் வகுத்தவர். அவர் பெயரைத் தட்டின் உறையில் அச்சிட 1971 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

"அந்நிய நாட்டு வாத்தியமாயிற்றே, ஐயா! தேசபக்தி என்ன ஆயிற்று?" என்று சிலர் கேட்பதுண்டு. அவர்களுக்கு நம்முடைய பதில், பிடிலைச் சுட்டிக் காட்டுவதுதான். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் சகோதரர் பாலுஸ்வாமி தீக்ஷிதர் அதைக் கையிலெடுத்து இருநூறு வருஷங்களுக்கு மேலாகிறது. இன்றைக்குப் பிடில் இல்லாமல் கச்சேரி நடத்துகிறேன் என்று சொல்லும் தைரியம் எந்தச் சபாக் காரியதரிசிக்கு இருக்கிறது? பிறகு, மாண்டலினை ஸ்ரீநிவாஸும் ஸாக்ஸபோனைக் கத்ரி கோபால்நாத்தும் நம்முடையதாக்கிவிட்டார்கள். வாத்தியம் எங்கே பிறந்தது என்பதல்ல கேள்வி. யார் கையில் வளர்ந்தது என்பதே கேள்வி.

* * *

நம் கையில் அது வளர்ந்த இடம், காவிரிக் கரையில் ஒரு சிற்றூரின் மெல்லிசைக் குழு. 2001-ஆம் வருஷம் பட்டம் பெற்று ஊர் திரும்பியதும் அதில் சேர்ந்தோம். மாசி மகம், பங்குனி உத்திரம், மாரியம்மன் கோயில் திருவிழா என்று வருஷத்தில் முப்பது இரவாவது வேலையிருக்கும். சுவாமி புறப்பாடு முடிந்து, இரவு பத்து மணிக்கு மேல்தான் மேடையேறுவோம். முதலில் விநாயகர் மீது ஒரு பாட்டு. அப்புறம் ஜனங்கள் துண்டுச் சீட்டில் எழுதியனுப்பும் பாட்டுக்கள். கிடைத்த பணம் பஸ் சார்ஜுக்கும் பரோட்டாவுக்கும் சரியாய்ப் போகும்.

மேடையின் பின்வரிசையில், பீரோ அளவில் நிற்கும் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் நம்முடைய ஸ்தானம். பக்கத்தில் டிரம்ஸ் வாசிக்கும் நண்பர். கூட்டுறவு பாங்கியில் குமாஸ்தா. அவருடைய கால் பெரிய மேளத்தை மிதிக்கும் கணமும், நம்முடைய விரல் தந்தியை மீட்டும் கணமும் ஒன்றாய் விழ வேண்டும். விழுந்துவிட்டால், மேடைப் பலகை வழியாக ஓர் அதிர்வு உள்ளங்காலில் ஏறி நெஞ்சு வரையில் வரும். அப்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொள்வோம். அவ்வளவுதான். பதினோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தும், நாங்கள் இருவரும் பேசிக்கொண்ட வார்த்தைகள் சொற்பம்.

குழு ஒரே நாளில் கலையவில்லை. முதலில், கீ போர்டு வாசிப்பவர் இடது கையாலேயே பேஸையும் வாசித்துவிடுகிறாரே என்று கணக்குப் பார்த்தார்கள். பிறகு மேளத்தை ஒரு சிறு பெட்டி வாசித்தது. கடைசியில், வாத்தியங்கள் அத்தனையும் முன்கூட்டியே பதிவான "டிராக்" ஒன்றைப் பொத்தானைத் தட்டி ஒலிக்கவிட்டு, பாடகர் மட்டும் மேடையில் நின்றால் போதும் என்றாகிவிட்டது. செலவு குறைந்தது, வாஸ்தவந்தான். 2020-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் ஊரடங்கு வந்தபோது மேடைகளே இல்லாமற் போயின. அந்த வருஷம் சென்னையின் மார்கழிக் கச்சேரிகள்கூடக் கைப்பேசிக்குள் நடந்தன.

அந்த நாட்களில், அடுத்த தெருவிலிருந்த டிரம்ஸ் நண்பரும் நாமும் இணையத்தின் வழியாகச் சேர்ந்து வாசிக்க முயன்றோம். சேரவில்லை. காரணம் பௌதிகம். ஒருவர் எழுப்பும் ஒலி மற்றவர் காதை அடைய ஒரு வினாடியின் நாற்பதில் ஒரு பங்குக்கு மேல் தாமதமானால், தாளம் நழுவத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் காற்றில் ஒலி செல்லும் தூரம் சுமார் 28 அடி. அதாவது நடுத்தரமான ஒரு மேடையின் அகலம். முகம் பார்த்துப் பேசும் சாதனங்களிலோ தாமதம் அதைப் போலப் பல மடங்கு. பேச்சுக்கு அது பாதகமில்லை. தாளத்துக்கு அது மரணம். "மேடை வரட்டும், பார்த்துக்கலாம் சார்," என்றார் நண்பர். 2021-ஆம் வருஷத்து இரண்டாவது அலையில் அவர் காலமானார். மேடை வந்தபோது அவர் இல்லை.

* * *

அதன் பிறகு நாம் யாருடனும் வாசிக்கவில்லை. ஆயினும் கை சும்மா இருக்க மறுத்தது. வாத்தியம் ஒன்றை வீட்டிலேயே செய்துவிடுவதென்று தீர்மானித்தோம்.

இது அப்படியொன்றும் அசட்டுத் துணிச்சலல்ல. 1951-ல் "பிரிஸிஷன் பேஸ்" என்ற வாத்தியத்தை வெளியிட்டு உலகமெங்கும் பரப்பிய கலிபோர்னியாக்காரர் லியோ பெண்டர், ரேடியோ பழுது பார்த்து வந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. இங்கிலாந்தில் 1950-களில் காசில்லாத பையன்கள், காலியான தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, ஒரு துடைப்பக் கழியை நட்டு, ஒற்றைக் கயிற்றை இழுத்துக் கட்டி, அதையே பேஸாக வாசித்தார்கள். பிற்காலத்தில் பீட்டில்ஸ் ஆக மாறிய லிவர்பூல் சிறுவர் குழுவிலும் அப்படியொரு பெட்டி இருந்தது. இந்தியாவும் இலங்கையும் அந்நாட்டுக்குத் தேயிலை மட்டுமா கொடுத்தன? பக்க வாத்தியமும் கொடுத்திருக்கின்றன! 1963-ல் பிரையன் மே என்ற பள்ளி மாணவர், தகப்பனாருடன் சேர்ந்து, பழைய கணப்பு அடுப்பின் மரச் சட்டத்தையும் மோட்டார் சைக்கிள் வில்லையும் கொண்டு ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினார். குயீன் குழுவின் மூலம் உலகப் புகழ் பெற்ற பின்பும் அவர் அதைத்தான் வாசித்தார். அதே குழுவின் பேஸ் வாத்தியக்காரர் ஜான் டீக்கன், குப்பையில் கிடைத்த மின் சுற்றுப் பலகையைக் கொண்டு ஓர் ஒலிபெருக்கி செய்தார். அதிலிருந்து எழுந்த புகழெல்லாம் கிட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது. பேஸ்காரர்களின் ஜாதக விசேஷம் அது.

உடலுக்குப் பலா மரம். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் உகந்தது பேஸுக்கும் ஆகாமற் போகுமா? கழுத்துக்கு, இடித்த வீட்டு நிலையிலிருந்து கிடைத்த பழைய தேக்கு. நான்கு தந்திகளும் சேர்ந்து 150 ராத்தலுக்கு மேல் இழுப்பதால், கழுத்து வளையாதிருக்க உள்ளே ஓர் எஃகுக் கம்பி. தந்தியின் அசைவை மின்சாரமாக மாற்ற, காந்தத்தைச் சுற்றித் தலைமயிரைப் போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்ற வேண்டும். அதற்குக் கைத் தையல் இயந்திரத்தின் சக்கரம் உதவிற்று. பத்து மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே கழிந்தன. "என்னங்க, இந்தக் கட்டிலை எப்பத்தான் முடிக்கப் போறீங்க?" என்று வீட்டில் விசாரணை நடக்காத ஞாயிறு இல்லை.

மிகவும் ருசியான வேலை, மெட்டுக்களுக்கு இடம் குறிப்பது. தந்தியின் நீளம் 34 அங்குலம். அதை 17.817-ஆல் வகுத்தால் 1.908 அங்குலம் வரும். அது முதல் மெட்டு. மீதி நீளத்தை மறுபடியும் அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது மெட்டு. இப்படியே போனால், பன்னிரண்டாவது மெட்டு 17 அங்குலத்தில், தந்தியின் நட்ட நடுவில் வந்து நிற்கும். அங்கேதான் மேல் ஸ்தாயி பிறக்கிறது. இந்தக் கணக்கை நம்முடைய பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமே கொடுத்தோம். கைத்தொழிலின் வழியாகவே கணக்கும் சாஸ்திரமும் கற்பிக்க வேண்டுமென்று 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் வற்புறுத்தினாரல்லவா? புஸ்தகக் கணக்கில் தூங்கி வழிகிற பையன், மரத்தில் ரம்பம் வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மூன்றாவது தசம ஸ்தானத்துக்காகச் சண்டை போட்டான்.

தெரிந்த வீணை ஆசாரி ஒருவர் வந்து பார்த்தார். "நாங்க மெழுகு வச்சு, காதாலே மெட்டை நிறுத்துவோம். நீங்க கணக்காலே நிறுத்துறீங்க. கணக்குக்குக் காது உண்டுங்களா, வாத்தியாரய்யா?" என்று கேட்டார். தந்தி பூட்டியதும் அவரே பன்னிரண்டாவது மெட்டில் விரலை வைத்து மீட்டினார். வெறுந்தந்தியையும் மீட்டினார். மறுபடி மெட்டில் மீட்டினார். "இருக்கும் போலத்தான் தெரியுது," என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்தார். அதைவிட உயர்ந்த விருது இனிமேல் நமக்குக் கிடைக்கப் போவதில்லை.

வாத்தியம் நன்றாகவே அமைந்தது. ஆனால் இரவில் தனியாக உட்கார்ந்து வாசிக்கும்போது ஒரு விஷயம் விளங்கியது. கதை சொல்ல ஆளில்லாமல், "ஊம்" மட்டும் எத்தனை நாழிகை கொட்டுவது? கைப்பேசியில் பாட்டை ஒலிக்கவிட்டுக் கூட வாசிக்கலாம். ஆனால் பேஸின் மிகத் தணிந்த தந்தி வினாடிக்கு 41 முறை அதிர்கிறது. காற்றில் அந்த அலையின் நீளம் சுமார் 27 அடி. விரல்நகம் போன்ற ஒலிபெருக்கி அத்தனை காற்றை எப்படி அசைக்கும்? அந்த ஸ்வரத்தின் மேல் ஸ்தாயி நிழல்கள்தாம் அதிலிருந்து வருகின்றன; மூலத்தை நம்முடைய மூளை ஊகித்துக்கொள்கிறது. வருஷக் கணக்காக ஜனங்கள் ஊகித்தே பாட்டுக் கேட்கிறார்கள். உள்ளங்கால் வழியே ஏறும் அந்த அதிர்வு, பலகையும் மனிதர்களும் பக்கத்தில் இருந்தாலொழிய வராது.

சென்ற வருஷம் ஒரு நாள், மெட்டுக் கணக்கை நிரூபித்துக் காட்ட வாத்தியத்தை வகுப்புக்கு எடுத்துப் போனோம். வாசிக்கத் தொடங்கியதும் கடைசி வரிசைப் பையன் ஒருவன் மேஜையில் தாளம் போட ஆரம்பித்தான். கண்டிக்க வேண்டியது உபாத்தியாயர் கடமை. நாம் கண்டிக்கவில்லை. ஏனெனில், அவனுடைய தட்டும் நம்முடைய ஸ்வரமும் ஒரே கணத்தில் விழுந்தன. மறுபடியும் விழுந்தன. பையன் தலை நிமிர்ந்து நம்மைப் பார்த்தான். நாம் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் குரல் கம்மியிருக்கும். இப்போது சனிக்கிழமைதோறும் நான்கு பிள்ளைகள் பள்ளிக்கூடத்துப் பழைய கொட்டகையில் கூடுகிறார்கள். இரண்டாவது வாத்தியத்துக்குப் பலாப் பலகை உலர்ந்துகொண்டிருக்கிறது.

வாசக நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கோ, உங்கள் தெருக் கோயில் திருவிழாவுக்கோ, அடுத்த முறை "டிராக்" வேண்டாம். கூடக் கொஞ்சம் செலவானாலும் வாத்தியங்களோடு நாலு மனிதர்களை அழையுங்கள். அவர்களில் இருவர் பக்கத்தூர்ப் பிள்ளைகளாக இருக்கட்டும். சாப்பாட்டு மும்முரத்தில், பின்வரிசையில் நிற்கும் பேஸ்காரனை நீங்கள் கவனிக்காமற் போனாலும் அவன் வருத்தப்பட மாட்டான். பக்கத்தில் இருப்பவன் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தால் அவனுக்குப் போதும்.