கோட்டையும் குடிசையும்



வேல்ஸ் மலைகளின் தேசம், பழங்கோட்டைகளின் தேசமும்கூட. இங்கிலாந்தின் அரசன் முதலாம் எட்வர்டு 1283-இல் அதை வென்று முடித்தபோது, கான்வி, கார்நார்வன், ஹார்லெக் ஆகிய இடங்களில் பெருங்கோட்டைகளை எழுப்பினான். மதில் சூழ்ந்த நகரங்களில் ஆங்கிலேயரைக் குடியேற்றினான். 1295-இல் தொடங்கிய பியூமாரிஸ் கோட்டையோ இன்றளவும் முற்றுப்பெறாமல் நிற்கிறது.

என் உள்ளத்தைத் தொடுவது வேறொரு கோட்டை. காடர் இட்ரிஸ் மலைக்குத் தெற்கே, ஒரு பள்ளத்தாக்கின் பாறைமேல், வேல்ஸ் மக்களின் இளவரசன் லெவெலின் ஏறத்தாழ 1221-இல் கட்டிய காஸ்டெல் எ பெரே. 1283-இல் அது எட்வர்டின் கைக்குப் போயிற்று. சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. இன்று அதன் இடிந்த சுவர்களுக்கிடையே புல் முளைத்திருக்கிறது.

அதே பள்ளத்தாக்கில் ஓர் ஏழை நெசவாளியின் மகளாய் வளர்ந்தவள் மேரி ஜோன்ஸ். தனக்கென்று ஒரு வேதாகமம் வேண்டும் என்று ஆறு ஆண்டுகள் காசு சேர்த்தாள். 1800-இல், தன் பதினைந்தாம் வயதில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்து, பாலா ஊரிலிருந்த போதகர் தாமஸ் சார்லஸிடம் அதைப் பெற்றுக்கொண்டாள். 1804-இல் லண்டனில் வேதாகமச் சங்கம் தோன்றியபோது, அதற்காக உழைத்தவர்களில் சார்லஸும் ஒருவர்.

அவள் கேட்டது தன் தாய்மொழி வேதாகமத்தை. வில்லியம் மோர்கன் என்னும் கிராமப் போதகர் 1588-இல் அதை முழுமையாய் மொழிபெயர்த்து வெளியிட்டிருந்தார். ஆட்சியின் மொழி ஆங்கிலமாயிருந்த காலத்தில், ஆலயத்தில் ஒலித்த அந்த வேதமே வேல்ஸ் மொழியைக் காத்தது என்பர். இன்றும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அம்மொழியைப் பேசுகிறார்கள். இளவரசனின் கற்கள் காக்கமுடியாததை வசனம் காத்தது. ஏசாயா 40:8-ஐ இந்த வாரம் குடும்பமாய் வாசித்துத் தியானியுங்கள்.

பிரியமானவர்களே, நம் பிள்ளைகளுக்கு வீடு கட்டுகிறோம், நிலம் வாங்குகிறோம். ஆனால் தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டியும் வாசிக்க இயலாத பிள்ளைகள் நம் ஓய்வுநாள் பள்ளியில் பெருகி வருகிறார்கள். மேரி ஆறு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற பொக்கிஷம் நம் அலமாரியிலேயே இருக்கிறது. இன்றிரவு குடும்ப ஜெபத்தில் அதைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். ஒரு வசனத்தையாவது அவனே வாசிக்கட்டும். திக்கினாலும் பொறுமையாய்க் கேளுங்கள். நாம் விட்டுச்செல்லும் சுவர்கள் ஒருநாள் இடியும். அவன் நெஞ்சில் பதிந்த வசனம் நிற்கும்.

கர்த்தர் தாமே உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.