பதினாறு குளிர்காலங்கள்

ரொறன்ரோ நகரின் வடமேற்கில், ஜேன் வீதியும் ஸ்ரீல்ஸ் வீதியும் சந்திக்கும் இடத்துக்கு அருகே, மரங்களை அடுக்கிக் கட்டிய சிறு வீடொன்று நிற்கிறது. 1816இல் டேனியல் ஸ்ரோங், எலிசபெத் என்ற இளந்தம்பதியர் கட்டிய வீடு அது. ஜெர்மானிய வழிவந்த பென்சில்வேனியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அவர்கள். காட்டை வெட்டி வயலாக்கினார்கள். இறைச்சிக்குப் புகையூட்டும் கொட்டில், பன்றிக் கொட்டில், தானியக் களஞ்சியம் என்று ஒவ்வொன்றாக எழுப்பினார்கள். களஞ்சியம் எழுந்தது 1825இல். தங்களுக்கென்று பெரிய வீடு கட்டிக்கொண்டது 1832இல்தான். இடைப்பட்ட பதினாறு குளிர்காலங்களையும், ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்த பிள்ளைகளோடு, அந்தச் சிறு வீட்டிலேயே கழித்தார்கள். தானியத்துக்கு நல்ல கூரை கிடைத்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகே குடும்பத்துக்குக் கிடைத்தது.

பிள்ளைகளே, அந்த இரண்டு வீடுகளுக்கும் இடையிலுள்ள முற்றத்தை நடந்து கடக்க ஒரு நிமிடம் போதும். அவர்களுக்கு அது பாதி இளமை.

அந்தப் பண்ணையைச் சுற்றி 1960இல் பிளாக் கிரீக் முன்னோடிக் கிராமம் என்ற பெயரில் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஒன்ராறியோவின் பல ஊர்களிலிருந்து பழைய கட்டடங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். மா அரைக்கும் ஆலை, பள்ளிக்கூடம், கொல்லனின் பட்டறை, தகர வேலைக் கூடம், நெசவுக் கூடம், அச்சகம் எல்லாம் உண்டு. குதிரை வண்டிப் பயணிகள் தங்கிய பழைய சத்திரம் ஒன்றும் இருக்கிறது. அது முன்பு நின்ற இடம் நம்முடைய ஸ்காபரோவில், கிங்ஸ்ரன் வீதியும் மிட்லண்ட் வீதியும் சந்திக்கும் மூலை. நீங்கள் நாள்தோறும் பேருந்தில் கடந்துபோகும் சந்திதான்.

ஒன்ராறியோவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 1780 முதல் 1850 வரையான வாழ்க்கை பாடமாக இருக்கிறது. அதனால் இத்தகைய இடங்களுக்குப் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை அழைத்துப் போகின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற முறையில், துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று அயலிலுள்ளவர்கள் கேட்கும்போதெல்லாம் நானும் போய்வருவேன். இந்த இடங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருளைப் பார்த்துவிட்டு வருவதோடு முடிவதில்லை. பிள்ளைகள் கையால் செய்கிறார்கள். எட்டு வயதில் அவர்கள் அங்கே செய்ததில் சிலவற்றை, இருபதை நெருங்கும் உங்களுக்கு எடுத்துச் சொல்லத் தோன்றியது.

மெழுகுதிரி செய்யும் இடத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். கோலில் கட்டிய திரியை உருகிய மெழுகில் முக்கி எடுக்க வேண்டும். அந்நாளில் இதற்கு மாட்டுக் கொழுப்பை உருக்குவார்கள். ஒரு தடவை முக்கினால் திரி நனைந்ததுபோல் தெரியுமே தவிரத் தடிப்பு ஏறாது. காற்றில் பிடித்து ஆறவிட்டு, வட்டமாகச் சுற்றி நடந்து வந்து, மறுபடி முக்க வேண்டும். ஒரு பையனுக்கு அது பொறுக்கவில்லை. விரைவில் தடிக்கட்டும் என்று திரியைச் சூடான மெழுகுக்குள்ளேயே பிடித்துக்கொண்டு நின்றான். தூக்கிப் பார்த்தால், முன்பு சேர்ந்ததும் கரைந்து வெறுந்திரிதான் வந்தது. வழிகாட்டிய பெண்மணி அவனைக் கண்டிக்கவில்லை. வரிசையின் கடைசியில் நிற்கச் சொல்லித் தொடக்கத்திலிருந்து செய்ய வைத்தார். இரண்டாம் முறை அவன் நடந்த நடையில் நிதானம் இருந்தது.

ஆறவிடும் நேரமும் வேலைதான். ஒரு தேர்வு முடிந்த கையோடு அடுத்த படிப்பு, ஒரு வேலை கிடைத்த கையோடு அதைவிடப் பெரிய வேலை என்று மூச்சுவிடாமல் ஓடும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். சூட்டிலேயே நிற்பவருக்குச் சேர்த்ததும் கரைந்துபோகும். கற்றது உறைவதற்கு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியைச் சோம்பல் என்று எவராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

வெண்ணெய் கடைவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் நான் அதிகம் கற்றேன். உயரமான மரத்தாழி, மூடியின் நடுத்துளை வழியாக மேலே நீண்டிருக்கும் மத்துக் கழி. நம் பாட்டிமார் கயிறு சுற்றிக் கடைந்தார்கள். இங்கே மேலும் கீழுமாகக் குத்துகிறார்கள். பாலாடை அதிகம் சூடாக இருந்தால் வெண்ணெய் குழைந்துவிடும், மிகவும் குளிர்ந்திருந்தால் திரளவே திரளாது. பிள்ளைகள் முறைவைத்துக் கடைந்தார்கள். முதலில் கை சுலபமாகப் போகும். பிறகு பாலாடை நுரைத்துத் தடித்துக் கனத்துப்போகும். எவ்வளவு குத்தினாலும் உள்ளே ஒன்றும் மாறவில்லை என்றே தோன்றும். பெரும்பாலான பிள்ளைகள் ‘இது வராது’ என்று சொல்வது அந்தக் கட்டத்தில்தான். அதற்குச் சற்றுப் பின்னர், எதிர்பாராத கணத்தில், கழியின் ஓசை மாறும். மோர் பிரிந்து மஞ்சள் மணிகள் மிதக்கும். தாழியைச் சுற்றி நின்ற அத்தனை பிள்ளைகளும் எட்டிப் பார்த்துக் கூவுவார்கள்.

ஆனால் வேலை அங்கே முடிவதில்லை. மோரை வடித்து, குளிர்ந்த நீர் விட்டு, மரக்கரண்டியால் அழுத்திப் பிசைந்து கழுவ வேண்டும். கழுவிய நீர் தெளிவாக வரும்வரை மறுபடி மறுபடி கழுவ வேண்டும். மோர் உள்ளே தங்கினால் வெண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். பிறகு உப்பிட்டுச் சேமிக்க வேண்டும். கூவிய பிள்ளைகளில் பலர் இதற்குள் அடுத்த கூடத்துக்கு ஓடிவிட்டார்கள். ஒரு சிறுமி மட்டும் நின்று கடைசி நீர் தெளியும்வரை பிசைந்தாள். அவளை எவரும் நிற்கச் சொல்லவில்லை.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தாற்போல என்று நம் ஊரில் சொல்வார்கள். கடைசி நேரத்தில் கைநழுவிப் போவதைப் பற்றிய வழக்கு அது. தாழி உடையாமலே வெண்ணெய் கெடுவதும் உண்டு என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். என் வாழ்நாளில் முயன்று தோற்றவர்களைவிட, வென்றபின் கவனிக்காமல் விட்டவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். வீடு வாங்கினார்கள், அதைப் பேணவில்லை. மணம் முடித்தார்கள், துணையின் மனத்தைக் கேட்கவில்லை. பட்டம் பெற்றார்கள், பிறகு ஒரு நூலையும் தொடவில்லை. எல்லாரும் கைதட்டிக் கலைந்தபின் தனியே நின்று செய்யும் வேலை ஒன்று உண்டு. அதைச் செய்பவருக்கே முன்செய்தது நிலைக்கிறது.

மார்க்கம் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்ட 1861ஆம் ஆண்டுப் பள்ளிக்கூடம் ஒன்றும் அங்கே இருக்கிறது. ஒரே அறை, எல்லா வயதுப் பிள்ளைகளுக்கும் ஒரே ஆசிரியர். பிள்ளைகள் சிலேற்றில் எழுதி, எழுந்து நின்று ஒப்பித்து, அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறார்கள். அழித்தால் போயிற்று, மனத்தில் இருப்பதே மிச்சம் என்பது அவர்களுக்குப் புதிய செய்தி. ஒன்ராறியோவில் 7 முதல் 12 வயதுப் பிள்ளைகள் ஆண்டுக்கு நான்கு மாதமாவது பள்ளிக்குப் போகவேண்டும் என்ற சட்டம் 1871இல்தான் வந்தது. அதற்கு முன்னும் பின்னும், விதைப்பும் அறுவடையும் பல பிள்ளைகளை வயலில் நிறுத்திவைத்தன. குளிர்காலத்தில் பனியில் நடந்துவந்து, சென்ற ஆண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். ஆசிரியர் ஒரு வகுப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பெரிய பிள்ளைகள் சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்த வாங்குகளைப் பார்த்தபோது எனக்கு வேறொரு பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போர் நெருங்கியதால், யாழ்ப்பாணத்தின் வலிகாமத்து மக்கள் நாங்கள் இலட்சக்கணக்கில் ஊரைவிட்டுப் புறப்பட்டோம். தென்மராட்சியில் ஒரு மாமர நிழலில் நாங்கள் சில ஆசிரியர்கள் வகுப்புத் தொடங்கினோம். கொப்பிகள் போதவில்லை. அரிவரிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். உயர்தர மாணவர்கள் காலையில் எங்களிடம் படித்துவிட்டு, பிற்பகலில் அந்தச் சிறியவர்களுக்கு ஆசிரியர்கள் ஆனார்கள். அவர்களில் சிலர் இன்று பெரிய பொறுப்புகளில் இருக்கிறார்கள். துன்பம் அவர்களை உயர்த்தியது என்று நான் சொல்லமாட்டேன். துன்பம் எவரையும் உயர்த்துவதில்லை. தமக்கே போதாத நேரத்தில் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், அதனால் தாம் படித்ததை மறக்கவில்லை. தனியே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது நீண்டநாள் ஓடாது. முறைவைத்துச் சுமப்பவர்களே தூரம் போகிறார்கள்.

1842இல் கட்டிய ரொப்ளின் ஆலையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பிரின்ஸ் எட்வேர்ட் கவுண்டியில் அமீலியாஸ்பேர்க் என்ற ஊரிலிருந்து கொண்டுவந்தது அது. நீர்ச்சக்கரம் சுழல, கல்லுக்கு மேல் கல் அரைக்கும். மேல் கனடா என்று அப்போது அழைக்கப்பட்ட ஒன்ராறியோவின் சட்டசபை 1792இல் தன் முதல் கூட்டத்தொடரிலேயே இயற்றிய சட்டங்களில் ஒன்று ஆலைக்காரர் எடுக்கும் கூலியைப் பற்றியது. பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. அளவைகளும் அதே கூட்டத்தில் ஒழுங்கு செய்யப்பட்டன. பஞ்சத்தையும் பனியையும் பொறுத்த மக்கள் கள்ள அளவையைப் பொறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பொறுமையாக இரு என்று பெரியவர்கள் நாங்கள் உங்களுக்குச் சொல்லும்போது, வேலையிடத்தில் சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பவரையும் வீட்டில் கைநீட்டுபவரையும் பொறுத்துக்கொள் என்று அதற்குப் பொருள் இல்லை.

ஒருமுறை ஸ்ரோங் வீட்டு வாசலில் நின்ற ஒரு பெண்பிள்ளை, இவர்கள் வருவதற்குமுன் இங்கே யார் இருந்தார்கள் என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதே பிளாக் கிரீக் ஓடையோரம், சற்றுத் தெற்கே, 15ஆம் நூற்றாண்டில் வென்டாட் என்ற பூர்வகுடி மக்களின் முன்னோர் நீள்வீடுகள் கட்டி வாழ்ந்தார்கள். சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டார்கள். பின்னாளில் இது மிசிசாகா மக்களின் நிலம். 1787இல் பிரித்தானியர் அவர்களிடமிருந்து நிலத்தை வாங்கியதாகச் சொன்ன உறுதிப் பத்திரத்தில் எல்லை விவரமே எழுதப்படாமல் வெற்றிடமாக இருந்தது. 1805இல் மறுபடி ஓர் உடன்படிக்கை. அந்தக் கணக்கு 2010இல்தான் 14 கோடியே 50 இலட்சம் டொலர் இழப்பீட்டோடு முடித்துவைக்கப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு மக்கள் தம் கோரிக்கையைப் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் கையளித்துக் காத்திருந்தார்கள். காணி உறுதியை மடியில் கட்டிக்கொண்டு ஊர்விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நீங்கள். இந்தக் கதையை மற்றவர்களைவிடக் கூர்ந்து கேட்கும் கடமை உங்களுக்கு உண்டு. ஸ்ரோங் குடும்பத்தின் உழைப்பை மதிப்பதற்காக இதை மறைக்கவேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போதே பிள்ளைகள் நம்மை நம்புகிறார்கள்.

பிள்ளைகள் கையால் செய்துபார்க்கும் இந்த நிகழ்ச்சிகளுக்கு ஓர் எல்லையும் உண்டு. அரைமணி நேரம் கம்பளி சிக்கெடுத்த பிள்ளை மதியம் பேருந்தில் ஏறிச் சூடான வீட்டுக்குப் போய்விடும். பசியையும், மருத்துவர் இல்லாத இரவையும், குழந்தையைப் பறிகொடுத்த தாயின் குளிர்காலத்தையும் எந்த அருங்காட்சியகமும் செய்துகாட்ட முடியாது, செய்துகாட்டவும் கூடாது. அந்த வாழ்க்கையை அறிய, எழுதிவைத்தவர்கள் வேண்டும். 1832இல் கணவரோடு பீற்றர்பரோப் பக்கத்துக் காட்டுக்கு வந்த கதரின் பார் ட்ரெயில் என்ற பெண்மணி, பாண் மாவைப் புளிக்கவைப்பது, சவர்க்காரம் காய்ச்சுவது, கம்பளிக்குச் சாயம் ஏற்றுவது என்று தாம் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை 1854இல் புதிதாக வரும் பெண்களுக்காக ஒரு கைநூலாக வெளியிட்டார். தாம் தடுமாறிய இடத்தில் அடுத்தவர் தடுமாறக்கூடாது என்ற அக்கறை அதில் பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

1980களில் இந்த நகருக்கு வந்த உங்கள் மாமா சித்தப்பாமார், ஒரே அறையில் பலராகப் படுத்து, இரவில் தொழிற்சாலை, பகலில் ஆங்கில வகுப்பு என்று முதற்பனியைக் கடந்த கதையை இப்படி எவரும் எழுதிவைக்கவில்லை, அல்லது மிகச் சிலரே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் முதலில் வாங்கிய குளிர்ச்சட்டை, ஊருக்குப் போட்ட கடிதங்களின் பிரதி, தொழிற்சாலை அடையாள அட்டை எல்லாம் அலுமாரிகளின் அடியில் கிடக்கின்றன. போய்க் கேளுங்கள். கைபேசியில் பதிவுசெய்து, எந்த ஆண்டு, எந்த வீதி, எவ்வளவு வாடகை என்று திகதியோடு எழுதிவையுங்கள். பேச மறுத்தால் வற்புறுத்தாதீர்கள்; அடுத்த மாதம் மறுபடி கேளுங்கள்.

உங்களில் உயர்நிலைப் பள்ளியில் இருப்பவர்களுக்கு 40 மணிநேரச் சமூகப் பணி முடிக்கவேண்டியிருக்கும். அதற்கு இத்தகைய அருங்காட்சியகம் ஒன்றில் இடம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரும் நாளில் வெண்ணெய்த் தாழிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். எல்லாரும் ஓடியபின் கழுவ நிற்கும் பிள்ளைக்கு நீர் ஊற்றிக் கொடுங்கள். பழைய உடுப்பும் நல்ல சப்பாத்தும் போட்டுக்கொண்டு போங்கள். வசந்தத்தில் அந்தப் பாதைகள் சேறாக இருக்கும்.