ஓரெழுத்துப் பிழை



'மரம்' என்பதை 'மறம்' என்று எழுதிய மாணவனுக்குச் சொல்வதெழுதுதலில் நான் மதிப்பெண் தருவதில்லை. ஓரெழுத்து மாறினால் பொருளே மாறிவிடும் என்று இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வருகிறேன். அப்படிப்பட்ட நானே ஓரெழுத்தைப் படிக்காமல் விட்ட கதை இது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின் வகுப்புகள் இயங்கலைக்கு மாறின. பாக்கார் ஆராங்கில் என் மாணவி ஒருத்திக்குத் தாயாரின் கைப்பேசி மட்டுமே இருந்தது. தாயார் வேலைக்குப் போனால் கைப்பேசியும் போய்விடும். சூன் மாதம் கட்டுப்பாடு தளர்ந்ததும், பழைய மேசைக்கணினி ஒன்றைச் சீரமைத்துத் தருவதாக வாக்களித்தேன். அதில் 2 ஜிபி நினைவகம்தான் இருந்தது. காணொளி வகுப்புக்கு அது போதாது. அந்த அம்மையார் மிகைநேர வேலையில் சேர்த்த 60 ரிங்கிட்டை என்னிடம் கொடுத்தார்.

பழைய பொருள் விற்கும் கடையில் 8 ஜிபி பலகை மலிவாகக் கிடைத்தது. டிடிஆர்3 என்பதைப் பார்த்தேன்; வாங்கிவிட்டேன். அவர்கள் வீட்டிலேயே பொருத்தினேன். பலகை துளையில் கச்சிதமாக அமர்ந்தது. விசிறி சுழன்றது. திரையோ இருண்டே கிடந்தது. நான்கு முறை கழற்றி மாட்டினேன். "தாய்ப்பலகை பழுதாகியிருக்கலாம்" என்று சொல்லிவிடலாமா என்றுகூட எண்ணினேன். அந்த எண்ணத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அம்மையார் மின்னணுத் தொழிற்சாலையில் பொருள்களைச் சரிபார்க்கும் பிரிவில் பணிபுரிபவர். பழைய பலகையையும் புதியதையும் ஓரங்களைப் பிடித்து எடுத்து, அருகருகே வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்.

"ஐயா, இதில் கடைசியில் 'யூ' இருக்கிறது, அதில் 'ஆர்' இருக்கிறதே?"

நான் வாங்கிய பலகையின் ஒட்டுத்தாளில் 'பிசி3-12800ஆர்' என்றிருந்தது. எண்களை நான் அறிவேன். நொடிக்கு 160 கோடிப் பரிமாற்றம். ஒவ்வொன்றிலும் 8 பைட்டு. ஆக, நொடிக்கு 12,800 எம்பி. முன்னால் இருந்த '2ஆர்x4' என்பதில் 'ஆர்' சில்லுகளின் அணிவரிசையைக் குறிக்கும். எண்ணுக்குப் பின்வரும் 'ஆர்' வேறு. கட்டளைகளை இடையில் வாங்கிச் சில்லுகளுக்கு அனுப்பும் பதிவகம் அப்பலகையில் உண்டு என்பதே அதன் பொருள். பல பலகைகளைத் தாங்கும் வழங்கிக் கணினிகளுக்கு உரியது அது. சாதாரண மேசைக்கணினிக்கு 'யூ' வேண்டும்; மடிக்கணினிக்கு 'எஸ்'. டிடிஆர்3இல் 'ஆர்', 'யூ' இரண்டுக்கும் 240 முனைகள். வெட்டும் ஒரே இடத்தில். ஆகவே பலகை பொருந்தும். கணினி மட்டும் இயங்காது.

"பிழை என்னுடையதுதான் அம்மா" என்றேன். கடையில் திரும்பப் பெறவில்லை. என் பணத்தில் 4 ஜிபி 'யூ' பலகைகள் இரண்டு வாங்கினேன். ஒரே வகையான இரண்டை உரிய துளைகளில் இட்டால் இரு தடங்களில் தரவு செல்லும் என்பது கூடுதல் நன்மை. இம்முறை கடையிலேயே ஒட்டுத்தாளைப் படமெடுத்து அம்மையாருக்கு அனுப்பி, அவர் சரி என்ற பிறகே காசு கொடுத்தேன்.

நவம்பரில் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டபோது அம்மாணவி அக்கணினியின் முன் அமர்ந்திருந்தாள். முதல் நாள் சொல்வதெழுதுதலில் 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று எழிதியிருந்தாள். மதிப்பெண்ணைக் குறைக்கத்தான் செய்தேன். ஆனால் பக்கத்தில், "இரண்டையும் அருகருகே எழுதிப் பார், அம்மாவைப் போல" என்று குறித்தேன்.

கணினி பூட்ட எண்ணும் அன்பர்களே, பழைய பலகையை வீசிவிடாதீர்கள். அதைக் கையோடு கடைக்குக் கொண்டு செல்லுங்கள். கடைசி எழுத்துவரை ஒப்பிட்டபின் வாங்குங்கள்.