ஊமை போர்டு

என் வேலைநாட்களில் பெரும்பகுதி திரையில்லாத கணினிகளோடு கழிந்தது. ஒரு பெட்டிக்குள் அடங்கிக் கிடக்கும் சின்ன சர்க்யூட் போர்டு. அது பேச வேண்டுமானால் சீரியல் போர்ட் ஒன்றுதான் வழி. மூன்று கம்பி, நொடிக்கு 115200 பிட். கரன்ட் கொடுத்ததும் லினக்ஸ் கர்னல் தன் நிலவரத்தை வரி வரியாகச் சொல்லிக்கொண்டே எழுந்திருக்கும்.

ஒரு வரிகூடச் சொல்லாமல் நின்றுபோனால்? அதுதான் எங்களுக்குப் பெரிய பயம்.

பழைய பிசியில் இந்தக் கவலை குறைவு. எழுத்துத் திரைக்கான மெமரி பி8000 என்ற முகவரியில் இருக்கும். வரிக்கு 80 எழுத்து, 25 வரி, எழுத்துக்கு 2 பைட். மொத்தம் 4000 பைட். சீரியல் போர்ட்டுக்கு 3எஃப்8 என்று தனி வாசல். மெமரி வழியே போகவே வேண்டாம். ஏ.ஆர்.எம். சிப்பில் அப்படித் தனி வாசல் கிடையாது. சீரியல் போர்ட்டும் ஒரு மெமரி முகவரியாகவே இருக்கும். எம்.எம்.யு. இயங்கத் தொடங்கிய பிறகு அந்த முகவரியை நேராகத் தொட முடியாது. பேஜ் டேபிளில் அதற்கொரு மெய்நிகர் முகவரி பதிந்திருக்க வேண்டும். பதிந்து தருவது 'ஐஓரீமேப்' என்ற ஏற்பாடு. அது வேலை செய்ய மெமரி ஒதுக்கீடு தயாராக வேண்டும். அதற்கு முன்பே ஏதாவது கெட்டால் ஊமைதான்.

வீடு கட்டும்போது தற்காலிக மின் இணைப்பு வாங்குகிறோம் அல்லவா? கர்னலிலும் அப்படித்தான். 'ஃபிக்ஸ்மேப்' என்று சில மெய்நிகர் முகவரிகளை கம்பைல் செய்யும்போதே ஒதுக்கி வைத்திருப்பார்கள். அதற்கான பேஜ் டேபிளும் கர்னலுக்குள்ளேயே இருப்பதால், யாரிடமும் மெமரி கேட்க வேண்டாம். சீரியல் போர்ட் இருக்கும் ஒரு பக்கத்தை அங்கே பொருத்திவிட்டால் 'எர்லிகான்' பேசத் தொடங்கிவிடும். ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பக்கத்தை 'டிவைஸ் மெமரி' என்று குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதியது கேஷ் என்ற இடைக்கிடங்கிலேயே தங்கிவிடலாம். கம்பிக்கு வந்து சேராது.

ஒரு சமயம் சப்ளையரிடமிருந்து வந்த ஒரு லாட் போர்டு அத்தனையும் ஊமை. எல்லாவற்றையும் கழித்துக்கட்டிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு. கூட இருந்த இளைஞர் ஒருவர், "சார், எர்லிகான் போட்டுப் பார்க்கலாமே" என்றார். போட்டோம். சில வரிகள் வந்து நின்றன. மெமரிப் பட்டியலையும் அச்சிடச் சொன்னோம். 1 ஜிபி என்று வந்தது. போர்டில் இருந்ததோ 512 எம்பி சிப். எங்களிடம் சொல்லாமல் சிப்பை மாற்றியிருக்கிறார்கள். டிவைஸ் ட்ரீயில் ஒரு எண்ணைத் திருத்தினோம். அத்தனையும் எழுந்துவிட்டன.

நிரந்தர கன்சோல் வந்ததும் எர்லிகான், "நான் அணைக்கப்பட்டேன்" என்கிற மாதிரி ஒரு வரி விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

உங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் யாராவது ராஸ்ப்பெரி பையை வைத்துக்கொண்டு "தாத்தா, இது செத்துப்போச்சு" என்று வந்தால், தூக்கிப் போடுமுன் இதையும் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.