கோப்பை நமக்கு, முதலிடம் அவர்களுக்கு

2011 ஏப்ரல் 2. வான்கடேவில் தோனி சிக்ஸர் அடிக்க, உலகக்கோப்பை நம் கையில். ஆனால் அதற்குப் பிறகும் ஐசிசியின் ஒருநாள் தரவரிசையில் முதலிடம் யாருக்கு? காலிறுதியில் நாம் வீட்டுக்கு அனுப்பிய அதே ஆஸ்திரேலியாவுக்கு! "இதென்ன போங்காட்டம்" என்று தோன்றும்தான்.

போங்காட்டம் இல்லை, வெறும் சராசரிக் கணக்கு. மொத்தப் புள்ளிகளை ஆடிய மேட்சுகளால் வகுத்தால் வருவதுதான் ரேட்டிங். நிறைய ஆடினால் மட்டும் மேலே போக முடியாது. பத்து விக்கெட்டில் ஜெயித்தாலும் ஒரு ரன்னில் ஜெயித்தாலும் ஒரே புள்ளி. உலகக்கோப்பை ஃபைனல் என்பதற்காகத் தனி மதிப்பும் கிடையாது.

பின்னே எதற்குத்தான் மதிப்பு? எதிராளி யார் என்பதற்கு. நாம் 120, எதிரணி 110 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்தால் எதிரணி ரேட்டிங்கோடு 50 சேர்த்து 160 கிடைக்கும். தோற்றால் அதிலிருந்து 50 போய் 60தான். வித்தியாசம் 40 அல்லது அதற்கு மேல் என்றால் கணக்கே வேறு. நாம் 120, எதிரணி 75. ஜெயித்தால் நம் ரேட்டிங்கோடு 10தான் கூடும், அதாவது 130. தோற்றால் 90 பறிபோய் 30! ஜெயித்த அந்தச் சின்ன அணிக்கு 165.

பழைய வெற்றியை வைத்து ரொம்ப நாள் ஓட்டவும் முடியாது. வருடாவருடம் மே மாதம் கணக்கைப் புதுப்பிப்பார்கள். கடைசி ஓராண்டு மேட்சுகளுக்கு முழு மதிப்பு, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குப் பாதி, அதற்கும் முந்தையது அவுட். ஒரு பந்துகூட வீசாமல் ஒரு அணி மேலே ஏறுவது இப்படித்தான்.

"நம்பர் ஒன் யாருன்னா என்ன சார், சோறா போடுது?" என்று கேட்கலாம். மேலே இருப்பவர்களுக்கு அது வெறும் பெருமைதான். எட்டாவது இடத்துக்கு அடித்துக்கொள்பவர்களுக்கோ வாழ்வா சாவா. 2017 சாம்பியன்ஸ் டிராஃபிக்கு, 2015 செப்டம்பர் 30 அன்று முதல் எட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமே இடம் என்றார்கள். அந்த வருடம் சொந்த மண்ணில் பாகிஸ்தான், இந்தியா, தென்னாப்பிரிக்கா என்று வரிசையாகத் தொடர்களை ஜெயித்த வங்கதேசம் உள்ளே போனது. 2004இல் அந்தக் கோப்பையையே ஜெயித்த வெஸ்ட் இண்டீஸ் வெளியே. 1975, 1979 உலகக்கோப்பைகளை வென்ற அதே அணி, 2019 உலகக்கோப்பைக்கு 2018இல் ஜிம்பாப்வேயில் தகுதிச்சுற்று ஆடித்தான் வரவேண்டியிருந்தது.

அதனால் தொடர் ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று கடைசி மேட்சில் டிவியை அணைத்துவிடாதீர்கள். நமக்கு அது ஒப்புக்கு ஆடும் மேட்ச். எதிரில் ஆடுகிறவர்களுக்கு அடுத்த உலகக்கோப்பைக்கான டிக்கெட்டே அதில் இருக்கலாம்.