குடியை விட்டவருக்கு மாலையில் போக்கிடம் எங்கே?

குடியைப் பற்றிய பிரசங்கம் எங்கள் சேகரத்தில் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது வரும். கேட்க வேண்டியவர் அன்றைக்குக் கோயிலில் இருக்கமாட்டார். அவருடைய மனைவி இருப்பார், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி. வீட்டில் படுகிற பாடு போதாதென்று சபை நடுவே அந்த வார்த்தைகளையும் அவர்தான் வாங்கிக்கொள்கிறார். சிறுவயது முதல் இதைப் பார்த்து வருகிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் கனத்துப்போகிறது.

வேதம் குடிவெறியைக் கண்டிக்கிறது என்பதில் சந்தேகமே வேண்டாம். நோவாவும் லோத்தும் குடித்து மதிமயங்கியதை அது மறைக்கவில்லை. நீதிமொழிகள் 23ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை வாசித்தால் ஒரு குடிகாரர் அப்படியே கண்முன் நிற்பார்: சிவந்த கண்கள், காரணம் தெரியாத காயங்கள், நடுக்கடலில் படுத்திருப்பவரைப் போன்ற ஆட்டம், அடித்தும் உறைக்காத உடம்பு, விழித்ததும் மறுபடி அதையே தேடும் மனம். இதை எழுதியவர் அப்படி ஒரு வீட்டுக்குள் இருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அதே வேதத்தில்தான் கானாவூர்க் கலியாணத்தில் இயேசு ஆறு கற்சாடித் தண்ணீரைத் திராட்சரசமாக்கினார். வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் ரசம் எடுத்துக்கொள்ளும்படி தீமோத்தேயுவுக்குப் பவுல் சொன்னார். இவற்றை வைத்துக்கொண்டு குடிக்கலாமா கூடாதா என்று வழக்காடுவதில் எனக்கு ஆர்வமில்லை. ரோமருக்கு எழுதும்போது பவுல், சகோதரன் இடறக் காரணமாகுமென்றால் ரசத்தைத் தொடாமலிருப்பதே நல்லது என்கிறார். அந்தப் புத்திமதி தள்ளாடுகிறவருக்கு அல்ல, திடமாக நிற்கிறவருக்கு. எபேசியருக்கும் மதுவெறி கூடாது என்றதோடு நிறுத்தாமல், ஆவியால் நிறைந்து ஒருவரோடொருவர் சங்கீதம் பாடச் சொல்கிறார். குடியை விட்டவரைச் சுற்றி ஆட்கள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய கூட்டாளிகள்தான் இருப்பார்கள்.

டப்ளினில் 1856இல் பிறந்த மாட் டால்பட்டின் வாழ்க்கை இதற்குச் சாட்சி. 12 வயதில் மதுவைப் புட்டியில் அடைக்கும் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். குடியும் அங்கேயே தொற்றிக்கொண்டது. சம்பளமெல்லாம் மதுக்கடைக்கே போயிற்று. ஒருமுறை, தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஒருவருடைய பிடிலையே எடுத்துக்கொண்டுபோய்க் காசாக்கிக் குடித்தார். 1884இல் ஒரு நாள் வேலையுமில்லாமல் காசுமில்லாமல் மதுக்கடைப் பக்கம் நின்றார். அவர் செலவில் குடித்த நண்பர்கள் ஒவ்வொருவராகக் கடந்துபோனார்கள். வா என்று கூப்பிட ஒருவருமில்லை. வீட்டுக்குப் போய்த் தாயிடம் குடியை விடப்போவதாகச் சொன்னார். காப்பாற்ற முடியுமென்றால் மட்டும் வாக்குக் கொடு என்றார் தாய். அன்றைக்கே குருவானவரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்து, மூன்று மாதத்துக்கு மட்டும் பிரதிக்கினை எடுத்தார்.

அந்த மூன்று மாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயுள் முழுவதற்கும் என்று கேட்டிருந்தால் அவர் அங்கிருந்தே திரும்பியிருக்கக்கூடும். மூன்று ஆறாகி, பிறகு ஆயுளுக்கும் ஆனது. ஆரம்பத்தில் அவரை வதைத்தது மாலை நேரம். வேலை முடிந்தால் மதுக்கடையைத் தவிர வேறு போக்கிடம் தெரியாது. ஆகவே கால்போன போக்கில் நடப்பார், ஏதாவது ஒரு கோயிலுக்குள் போய் முழங்கால்படியிடுவார். கையில் காசு வைத்துக்கொள்வதையே நிறுத்தினார். மதுக்கடைகளில் வைத்திருந்த கடனை அடைத்தார். பிடில்காரரைத் தேடித்தேடிக் காணாமல், பிடிலுக்கு ஈடான பணத்தை அவருக்காகப் பூசை வைக்கக் கொடுத்தார். 1925இல் பூசைக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து இறக்கும்வரை, 41 வருடம், அவர் குடிக்கவில்லை.

அந்த மாலைகளில் டப்ளினில் கோயில் கதவு திறந்திருந்தது. நம் ஊரில் டாஸ்மாக் பகல் 12 மணியிலிருந்து இரவு 10 மணிவரை திறந்திருக்கிறது. ஆலயமோ ஞாயிறு ஆராதனையும் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபமும் முடிந்தால் பூட்டிக் கிடக்கிறது. மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்புகிறவர் சாயங்காலம் எங்கே போவார்?

எங்கள் சபையில் குடியை விட்ட ஒரு அண்ணன், திருவிருந்தில் அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, பாத்திரம் வருமுன் எழுந்துவிடுவார். ரசத்தின் வாசனை பட்டாலே அன்றைய நாள் போய்விடும் என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். பல மாதம் யாரும் கேட்கவில்லை. போதகரின் மனைவியான ஐயரம்மாதான் கவனித்து ஐயரிடம் சொல்ல, புளிக்காத திராட்சைச் சாறு வைக்கத் தொடங்கினார்கள். 1869இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர் சாற்றைப் புளிக்காமல் பதப்படுத்தியதும் திருவிருந்துக்காகத்தான். இப்போது அண்ணன் பாத்திரம் வரும்வரை முழங்காலிலேயே இருக்கிறார்.

ஆலயத்துக்குப் பின்னால் ஞாயிறு பள்ளி நடக்கும் கூடம் வாரத்தில் ஆறு நாள் சும்மா கிடக்கிறது. மாலை 6 முதல் 9 வரை அதைத் திறந்துவைக்க வேண்டும். ஒரு கேரம் போர்டு, ஒரு ஃபிளாஸ்க் டீ, புத்திமதி சொல்லாமல் கூட உட்கார இரண்டு பேர் போதும் என்று சேகரக் கமிட்டியில் கேட்டிருக்கிறோம். கரண்ட் பில்லை யார் கட்டுவது என்பதில் பேச்சு நிற்கிறது. முதல் மாதப் பணத்தைத் தான் தருவதாக அந்த அண்ணன் முன்வந்தார். வேண்டாமென்று சொல்லிவிட்டோம். அது சபை கொடுக்க வேண்டிய பணம்.